நடக்கிறவர்களோடு விடு

டிசம்பர் பிறந்துவிட்டால் கார்பெக் என்கிற மலையடி ஊரின் ஓட்டச் சங்கத்தில் இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஆள் ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார். நவம்பர் கடைசி வரை பக்கத்து மலையில் சளைக்காமல் ஏறி இறங்கியவர்கள் ஒரே வாரத்தில் நொண்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்குக் குதிகால், இன்னொருவருக்கு இடுப்பு. டாக்டரிடம் காட்டுவதற்காக நொண்டினாலும் பரவாயில்லை. இவர்கள் நொண்டுவதெல்லாம் நெவில் ஸட்கிளிஃபின் கண்ணில் படுவதற்காக.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை நடக்கிற ஓட்டம்தான் இத்தனைக்கும் காரணம். அதில் எல்லோரும் சேர்ந்து கிளம்புவது கிடையாது. நடக்கிறவர்கள் முதலில், அப்புறம் மெதுவாக ஓடுகிறவர்கள், கடைசியில் வேகக்கார இளவட்டங்கள் என்று பிரித்துப் பிரித்து விடுவார்கள். யாரை எப்போது விடுவது என்று நேரம் வைப்பவர் நெவில். அவருடைய கணக்கு பிசகாமல் இருந்தால் மலையைச் சுற்றிவிட்டு எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாக வந்து கோட்டைத் தொட வேண்டும். ஜெயிப்பதற்கு வேகமாக ஓடுவது ஒரு வழி. நெவிலிடம் மூக்கைச் சிந்திக் கொஞ்சம் முன்னால் கிளம்புவது இன்னொரு வழி. சங்கத்தில் பெரும்பாலோர் நம்பியிருந்தது இரண்டாவது வழியைத்தான். பரிசு என்னவோ கசாப்புக்கடைக்காரர் தருகிற மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட ஒரு பெரிய பண்டமும், பப்பின் சுவரில் மாட்டியிருக்கும் மரப்பலகையில் பெயரும்தான். அதற்காகப் பெரிய மனிதர்கள்கூடக் கூச்சமில்லாமல் புளுகுவார்கள்.

நெவில் லேசில் ஏமாறுகிறவர் அல்ல. ஓய்வு பெறும்வரை ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தார். கார் மோதிக் கழுத்து பிடித்துக்கொண்டது என்று பணம் கேட்கிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறவர், பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் சட்டென்று திரும்புகிறாரா என்று கவனிப்பார். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மனிதன் எப்படி நடக்கிறானோ அதுதான் அவன் நடை என்பது அவர் கட்சி. வேலை போனாலும் அந்தக் கண் போகவில்லை.

சங்கத்துக் கால்களை அவர் கரைத்துக் குடித்திருந்தார். பாதத்தின் அடியில் நார் இழுத்துக்கொண்டிருந்தால், காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில்தான் உயிர் போகும். நடக்க நடக்க இளகும். அப்படியிருக்க, பகலெல்லாம் நன்றாக நடந்துவிட்டு பப்புக்குள் நுழையும்போது மட்டும் நொண்டுகிறவன் புளுகுகிறான். முட்டியின் வெளிப்பக்க வலி இறக்கத்தில்தான் குத்தும். ஏற்றத்தில் முகம் சுளிக்கிறவன் புளுகுகிறான். குதிகாலுக்கு மேலே வலி என்று வருகிறவனிடம், "படி விளிம்புல நின்னு குதிகாலை மெதுவா இறக்கி ஏத்துறியா?" என்று கேட்பார். நிஜமாக நோவு கண்டவன் காலையும் மாலையும் அதைச் செய்து அலுத்துப்போன கதையைச் சொல்லிப் புலம்புவான். பொய்க்காரன், "எந்தப் படி?" என்பான்.

தபால்காரர் டங்கன் வருஷம் தவறாமல் வருகிற கிராக்கி.

"நெவில், இந்தத் தடவை முட்டி என்னைக் கைவிட்டுடுச்சுப்பா. ஃப்ரீசர்ல இருக்கிற பட்டாணிப் பாக்கெட்டைக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கிறேன்."

"எந்த முட்டி?"

"இது." டங்கன் வலது முட்டியைத் தட்டினார்.

"போன வாரம் இடது முட்டிய தடவுனே."

"வலி எடம் மாறிடுச்சு."

"அப்ப பட்டாணியும் வெந்திருக்கும். எடுத்துத் தின்னு. உன் நேரம் மாறாது."

இதெல்லாம் சிரிப்புக்கு ஆயிற்று. சிரிப்புக்கு ஆகாதது நெவிலின் மனைவி பெவர்லியின் கால்.

பெவர்லி இரண்டு வருஷமாக அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். கட்டின மனைவிக்குச் சலுகை காட்டினார் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்று நெவில் எப்போதும் அவளுக்கு மட்டும் நேரத்தைக் கொஞ்சம் இறுக்கி, சற்றுப் பிந்தியே கிளம்பும்படி வைப்பார். அது அவளுக்கும் தெரியும். "வேற எவனையாவது கட்டியிருந்தா என் பேரு இந்நேரம் பலகையில இருந்திருக்கும்" என்று பப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டுவாள். அவளுக்கு அந்தப் பலகை மேல் ஆசை இருந்தது. ஆசை இருந்ததை நெவில் மறக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் அவள் நூலக வேலையை விட்டாள். கையில் பொழுது சேர்ந்ததும் ஓட்டத்தைக் கூட்டினாள். மலைப் பாதையில் சேறு என்று சொல்லித் தார்ச்சாலையில் ஓடினாள். ஒரு மாதத்துக்குள் முன்பு ஓடியதைப் போல இரண்டு மடங்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஒரேயடியா ஏத்தாதே பெவ். உடம்பு பழக வேணாமா? அந்த ஷூவும் ஒரு பக்கமா தேஞ்சு கிடக்கு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்று நெவிலே சொன்னார். சொன்னது நல்ல புத்திதான். ஆனால் மனதுக்குள் அவர் அதை வேறு பக்கத்தில் வரவு வைத்துக்கொண்டார். பெவ் இந்த வருஷம் ஜெயிக்கப் பார்க்கிறாள்.

டிசம்பர் முதல் வாரம், காலை உணவின்போது அவள் காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

"நெவில், இங்க, முட்டிக்குக் கீழ, முன்னெலும்புல வலிக்குது. ரெண்டு வாரமா இருக்கு."

"டிசம்பர் வந்தாச்சு இல்ல?" என்றார் நெவில், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

அவளும் சேர்ந்து சிரித்தாள். சங்கத்தில் இருக்கிற யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி சொன்னபோது அவர் மட்டும்தான் சிரித்தார்.

டவுனில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. நெவில் பார்த்த உத்தியோகத்தில் படத்தில் ஒன்றுமில்லை என்றால் விவகாரம் அதோடு முடிந்தது. பெவர்லி விடாமல் ஷீனா என்கிற பிசியோதெரபிப் பெண்ணிடம் போனாள். பக்கத்து டவுன்காரி, சின்ன வயது, சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதவள்.

"எலும்பு நெடுக வலிச்சா சதை இழுப்பாம், ஓய்வு குடுத்தா போயிடுமாம். ஒரு விரலை வச்சு மூடுற மாதிரி ஒரே எடத்துல வலிச்சா எலும்புல கோடு விழுந்திருக்கலாமாம். எனக்கு ஒரே எடம்தான். என் வயசுல எலும்பு வேற இளைச்சிருக்குமாம்" என்று பெவர்லி வந்து சொன்னாள்.

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னாங்களே?"

"மொதல்ல சில வாரம் அதுல தெரியாதாம். ஸ்கேன்லதான் தெரியுமாம். அதுக்கு ஜனவரிலதான் முறை வருது. அதுவரைக்கும் ஓடவே கூடாதுன்னுட்டா."

'ஜனவரி' என்று நெவில் நினைத்தார். ஓட்டம் முடிந்த பிறகு. படத்தில் தெரியாத வியாதி, ஓட்டம் முடிந்த பிறகு வருகிற சோதனை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு கச்சிதமான கதையை யாரும் அவரிடம் கொண்டு வந்ததில்லை.

"அப்ப இந்த வருஷம் நீ இல்லையா?"

"இல்லாம எப்படி? நடந்தே வந்துடறேன். வலி இல்லாம இருந்தா கொஞ்சம் நடக்கலாம்னு சொல்லியிருக்கா. நடக்கிறவங்களோட விடு."

இங்கேதான் நெவிலின் காது நிமிர்ந்தது. நடக்கிறவர்கள் எல்லோருக்கும் முன்னால் கிளம்புகிறவர்கள். போன வருஷம் இரண்டாவதாக வந்தவள் அவர்களோடு கிளம்பினால், மலையுச்சிக்குப் போனபின் கால் திடீரென்று குணமாகிவிட்டால், அவளைப் பிடிக்க ஊரில் ஆளில்லை.

"பாக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் மனைவியைக் கவனிக்கத் தொடங்கினார். கவனித்தது அவளுக்குத் தெரியாது என்பது அவர் எண்ணம். ஒருநாள் காலை அவர் கூடத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த கண்ணாடியில் மாடிப்படி தெரிந்தது. பெவர்லி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இடது காலைத் தயங்கித் தயங்கி வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போதும் நொண்டுகிறாளே என்று நெவிலுக்குத் திக்கென்றது. எழுந்து போய்க் கையைக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தார். அதற்குள் இன்னொரு நினைப்பு முந்திக்கொண்டது. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்கு, நான் கண்ணாடியில் பார்ப்பேன் என்று தெரியாதா? இந்த நினைப்பு வந்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி ஏற்பட்டது. எழுந்திருக்கவில்லை.

பிறகு குளோரின் வாசனை. செவ்வாயும் வெள்ளியும் கடைக்குப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனவள், திரும்பி வரும்போது தலைமுடியில் அந்த வாசனையோடு வந்தாள். மளிகைப் பை பாதி காலி. வேறொரு கணவனாக இருந்தால் வயிறு எரிந்து வேறு விதமாகச் சந்தேகப்பட்டிருப்பான். நெவிலுக்கு அப்படியொரு எண்ணம் மருந்துக்கும் வரவில்லை. அவள் திருட்டுத்தனமாகப் பயிற்சி எடுக்கிறாள் என்றுதான் அவர் வயிறு எரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பேருந்து பிடித்துப் பக்கத்து டவுன் நீச்சல்குளத்துக்குப் போனார். மேல்மாடியில் தேநீர் விற்கிற இடத்திலிருந்து கண்ணாடி வழியாகக் குளம் முழுவதும் தெரியும். ஆழமான மூலையில் பெவர்லி நின்ற நிலையில் மிதந்துகொண்டிருந்தாள். இடுப்பில் நீலப் பட்டை. கால் தரையில் படவில்லை. கையை வீசி, முட்டியைத் தூக்கி, தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். ஓடினாளே தவிர நகரவில்லை. கரையில் ஷீனா குந்தி உட்கார்ந்து கையைத் தட்டித் தட்டி வேகம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எலும்பில் பாரம் ஏறாமல் மூச்சையும் தசையையும் காப்பாற்ற அதுதான் வழி. எலும்பு நோவு கண்ட ஓட்டக்காரர்களைத் தண்ணீரில் இறக்குவது உலக வழக்கம். சங்கத்துக் கால்களையெல்லாம் கரைத்துக் குடித்த நெவிலுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததை அவர் அன்றைக்கு நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. ஆள் வைத்து, காசு கொடுத்து, ஊருக்கு வெளியே வந்து பயிற்சி எடுக்கிறாள் என்று மட்டும் பார்த்தார். தேநீரை முழுசாகக் குடித்து முடித்தார். நல்ல ருசியாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மதியம் பப்பில் நேரம் வாசிக்கிற வழக்கம். நெவில் நாற்காலி மேல் ஏறி நின்று ஒவ்வொருவருடைய நேரத்தையும் சொல்வார். அந்த நேரம் சரியில்லை என்கிறவர் ஒரே ஒரு தடவை எழுந்து தன் நோவைச் சொல்லலாம். கூட்டம் சிரிக்கும். நெவில் தீர்ப்புச் சொல்வார். அதற்குமேல் ஒரு விநாடிகூட மாறாது. யார் பரிதாபமாக நொண்டுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே ஓடாதவர்கள்கூட வந்து பீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

டங்கன் இரண்டு முட்டியிலும் துணி சுற்றிக்கொண்டு வந்து மண்டியிட்டுக் கெஞ்சினார். மண்டியிட முடிகிறதே என்று நெவில் சொன்னதும் பப்பே அதிர்ந்தது. அப்புறம் பெவர்லியின் பெயர் வந்தது. வேகக்காரர்களுக்குச் சற்று முன்னால், ஏறக்குறைய கடைசி. போன வருஷத்தைவிட இறுக்கம்.

பெவர்லி எழுந்தாள். நொண்டவில்லை. துணி சுற்றியிருக்கவில்லை.

"இது விளையாட்டு இல்ல. என் கால் எலும்புல கோடு விழுந்திருக்கலாம்னு சந்தேகம். நடக்கிறவங்களோட விடு, நெவில்."

அடுத்த கணம் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

"எலும்பா! இத்தனை வருஷமா முட்டிய வச்சே பிழைப்பை ஓட்டிட்டேனே!" என்று டங்கன் தலையில் அடித்துக்கொண்டார். "நொண்டாம சொல்றா பாருங்க. அதுதாண்டா நடிப்பு!"

"நான் நடிக்கல, டங்கன்."

"அதையும் எவ்வளவு நல்லா சொல்றா!"

நெவில் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது.

"எலும்புல கோடு விழுந்தவ செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் என்ன செய்றான்னு சொல்லவா? பக்கத்து டவுன்ல நீச்சல்குளத்துல, தனியா ஆள் வச்சு, தண்ணிக்குள்ள ஓடுறா. வீட்டுல சொல்லிட்டுப் போறது கடைக்கு."

சிரிப்பில் கண்ணாடி டம்ளர்கள் ஆடின. பெவர்லி சிரிக்கிறவர்கள் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலி மேல் நின்ற கணவனைப் பார்த்தாள்.

"பின்னாலயே வந்தியா?"

"நேரம் வைக்கிறவன் எல்லாத்தையும் பாக்கணும், கண்ணு. உன் நேரம் மாறாது."

வீட்டுக்குத் திரும்பும்போது காரை அவர்தான் ஓட்டினார். பாதி வழியில் அவள் ஆரம்பித்தாள்.

"உன்கிட்ட குளத்தைப் பத்தி ஏன் சொல்லலன்னு தெரியுமா? சொன்னா அதையும் பயிற்சின்னு கணக்குல சேத்துடுவே. அதான்."

"சேத்துட்டேன்."

"நான் பொய் சொல்றேன்னு நிஜமாவே நினைக்கிறியா, நெவில்?"

"நான் நினைக்கிறது ஒரு பக்கம் கெடக்கட்டும். உனக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு டங்கன் என்ன பேசுவான்?"

"நான் டங்கனைக் கேக்கல."

அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே போனார். அவள், "சரி" என்றாள். அதற்கப்புறம் அந்த வாரம் முழுவதும் காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. பார்த்தாயா, குட்டு வெளிப்பட்டதும் வலி பறந்துவிட்டது என்று நெவில் அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். இருந்தாலும் இரண்டு மூன்று தடவை அவள் ஏதாவது சொல்லமாட்டாளா என்று எதிர்பார்த்தார். சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார். மறுக்கக் கிடைக்காததில் அவருக்கு ஒரு குறை இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வெயிலும் உறைபனியும் சேர்ந்து அடித்தன. சேறெல்லாம் கல்லாக இறுகியிருந்தது. வழக்கம்போலப் பாதிப் பேர் வேஷம் போட்டு வந்திருந்தார்கள். டங்கன் வான்கோழியாக வந்திருந்தார். நடக்கிறவர்கள் கிளம்பிப் போனார்கள். கூட்டம் கூட்டமாக மற்றவர்களும் போனார்கள். பெவர்லி சிவப்புக் குல்லாயோடு, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குளிரில் நின்றிருந்தாள். அவள் முறை வந்ததும் நெவில் கொடியை இறக்கினார்.

அவள் நடந்தாள். சொன்னபடியே, ஓடாமல், வயல் கதவை நோக்கி நடந்துகொண்டே போனாள்.

வேடிக்கை பார்க்கிறவர்களில் ஒருவன் சீட்டி அடித்தான். இன்னொருவன் நெவிலிடம், "உன் பெண்டாட்டி உன்னைத் தோக்கடிச்சுட்டாப்பா" என்றான். நெவிலுக்குச் சுருக்கென்றது.

"நாடகம் போதும் பெவ்!" என்று உரக்கக் கத்தினார். "எல்லாரும் பாத்தாச்சு! ஓடு!"

கதவருகில் அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு தூரத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

வேகக்காரர்களையும் விட்டுவிட்டு நெவில் ஓட்டம் முடியும் வயலுக்கு வந்து தொலைநோக்கியை எடுத்தார். சிவப்புக் குல்லாய் மலைச்சரிவில் ஏறியது. ஒருவரைத் தாண்டியது. இன்னும் மூன்று பேரைத் தாண்டியது. உச்சியில் மறைந்து, இந்தப் பக்கம் இறக்கத்தில் வெளிப்பட்டபோது முன்னால் பத்துப் பேர்கூட இல்லை. தடுமாற்றம் இல்லை, நொண்டல் இல்லை. அப்படியொரு ஓட்டத்தை அவள் ஓடி அவர் பார்த்ததேயில்லை. நெவிலுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது என்பதில் பாதி, ஓடுகிறவள் என் மனைவி என்பதில் மீதி. இரண்டும் ஒன்றாகவே அவருக்குத் தோன்றின.

"எல்லாரையும் விட்டுட்டீங்களா?" என்று பக்கத்தில் ஒரு குரல். ஷீனா, கம்பளிக் கோட்டில் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். "பெவர்லி நடந்து வர்றதைப் பாக்கலாம்னு வந்தேன்."

"நடந்தா? அதோ பாருங்க." நெவில் பெருமையாகத் தொலைநோக்கியை நீட்டினார்.

ஷீனா பார்த்தாள். தொலைநோக்கியை இறக்கினபோது அவள் முகமே மாறியிருந்தது.

"அவங்க ஓடக் கூடாது. யாரு ஓடவிட்டது?"

"படத்துல ஒண்ணுமில்லையேம்மா."

"அதுல தெரியாதுன்னு நான்தானே அவங்ககிட்ட சொன்னேன்! தண்ணிக்குள்ள ஓடவச்சது எதுக்குன்னு நினைக்கிறீங்க?" அவள் அதற்குமேல் நிற்கவில்லை. வயலில் மேல்நோக்கி ஓடினாள், கையிரண்டையும் ஆட்டிக்கொண்டு, "பெவர்லி! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு.

இவளும் கூட்டா என்றுதான் நெவிலுக்கு முதலில் தோன்றியது.

இப்போது எல்லோருக்கும் முன்னால் சிவப்புக் குல்லாய்தான். கடைசி வயலுக்கு முன்னால் ஒரு கற்சுவர், ஏறி இறங்க அதில் பதித்த கல்படிகள். பெவர்லி சுவர்மேல் ஏறினாள். ஷீனா கையை ஆட்டுவதை அவள் பார்த்ததாகவே நெவிலுக்குப் பட்டது. கல்படியில் இறங்காமல் அங்கிருந்து குதித்தாள்.

விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

நெவில் காத்திருந்தார். எழுந்திருப்பாள் என்று காத்திருந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள். "இந்தா, ஆரம்பிச்சுட்டா" என்று நெவிலே சொன்னார். ஜெயிக்கப் போகிறவள் எதற்காக நடிக்க வேண்டும் என்று அவருக்கே கேள்வி வந்தது. எனக்குப் பாடம் கற்பிக்க என்று பதிலும் வந்தது. இத்தனையும் அவர் ஓர் அடி எடுத்து வைக்காமல் நினைத்து முடித்தார்.

அடுத்ததாகச் சுவரேறி வந்தது வான்கோழி. கோடு எதிரே இருந்தது, முன்னால் ஆள் இல்லை. டங்கன் குனிந்து பார்த்தார். வான்கோழித் தலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, "ஆளைக் கூப்பிடுங்கடா! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கடா!" என்று அலறினார். அந்தக் குரலில் வேஷம் இல்லை. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அப்போதுதான் நெவிலுக்குக் கால் வந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது டங்கனின் இறகுக் கோட்டு அவள்மேல் போர்த்தியிருந்தது. இடது கால், கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. ஷீனா அதை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சங்கத்தில், மலையில் அடிபட்டவர்களை மீட்கிற வேலை செய்கிற ஒருவர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்.

"எங்க வலிக்குதும்மா?" என்று அவர் கேட்டார்.

பெவர்லி விரலை நீட்டித் தெளிவாகக் காட்டினாள். "இங்க. மொதல்லேர்ந்து இங்கதான். இப்ப முட்டி வரைக்கும் ஏறுது. விரலை அசைச்சா உயிர் போகுது."

"மயக்கம் வருதா?"

"லேசா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

நெவில் உறைந்த தரையில் மண்டியிட்டார்.

"பெவ்... ரொம்ப வலிக்குதா?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள். நெற்றியெல்லாம் வியர்வை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் நிற்கிற அந்நியரிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது.

"இல்லையே. எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பில் தகடு வைத்துத் திருகி முடுக்கினார்கள். டாக்டர், கோடு விழுந்து பல வாரம் ஆகியிருக்க வேண்டும், ஓடாமல் இருந்திருந்தால் கத்தியே வைக்காமல் ஆறியிருக்கும் என்றார். நெவில் நேரம் வைக்கிற பொறுப்பை விட்டுவிட்டார். அது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. யாரும் அவரை இருக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. வீட்டில் அவர் சமைத்தார், துவைத்தார், அவள் காலுக்குத் தலையணை வைத்தார். மன்னிப்புக் கேட்டார், ஒரு தடவை அல்ல, பல தடவை. அவளும் ஒவ்வொரு தடவையும், "சரி, விடு" என்றாள். பழையபடி பேசினாள், சாப்பாட்டைக் குறை சொன்னாள், தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். காலைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

"வலி எப்படி இருக்கு, பெவ்?"

"வலியா? இல்லையே."

பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். காலைக் கீழே தொங்கவிடும்போது நாற்காலிக் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு சொல்வாள். எதிராளி பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிப்பதற்கே பிறந்தவருக்கு இது பொய் என்று தெரியாதா? தெரிந்து என்ன செய்வது? 'ஐயோ, வலிக்குதே நெவில்' என்று அவள் ஒரு தடவை அலறினால் போதும், அவள் காலடியில் கிடந்து அழுதுவிடலாம் என்று அவருக்கு இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தார். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெவர்லி போனில் ஷீனாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"காலைலதான் மோசம்... ஆமா, தகடு இருக்கிற எடத்துல, குளிர் ஏறுற மாதிரி... நேத்து ராத்திரி பூரா தூங்கல. அழுதேன்னுகூட வச்சுக்கயேன்... இல்லம்மா, மாத்திரை போட்டும் கேக்கல. முட்டிக்குக் கீழ யாரோ உள்ள இருந்து நெம்புற மாதிரி இருக்கு..."

நெவில் கையில் மண்ணோடு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நேற்று இரவு அவளுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். அதனால் அசையாமல், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, அவள் தன் வலியைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். எல்லாவற்றையும் நம்பினார்.